ஒன்றாம் நம்பர் பை

கண்ணாயிரம் தப்பு பண்ணிவிட்டார் என்று கீழ்பென்னாத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டீக்கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள், அவர் முகத்தைப் பார்க்காதவன்கூடச் சொல்வான். மூன்று வருஷமாக இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறேன். ஒருவனையும் மறுத்துப் பேசவில்லை. பேசாதே என்று எனக்குச் சொல்லியிருந்தது. இப்போது ஆறு கிணறும் மூடியாகிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் எவன் உயிரும் போகாது. அதனால் எழுதுகிறேன்.

கண்ணாயிரம் கிணறு வெட்டுகிறவர். குள்ளம், கெட்டி உடம்பு. வெடி வைத்து வைத்து இடது காது போய்விட்டது. வலது பக்கம் நின்றுதான் பேச வேண்டும். மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெள்ளைக்கல் முடிச்சு முடிச்சாக வந்தால் கடப்பாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விடுவார். எவ்வளவு பெரிய பண்ணைக்காரன் கெஞ்சினாலும் நிற்க மாட்டார். "தண்ணி வேணும்னா நான் சொல்ற எடத்துல வெட்டு. பள்ளம் வேணும்னா நீயே வெட்டிக்கோ" என்பார்.

எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதம், மெட்ராஸிலிருந்து சக்கரவர்த்தி என்று ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தார். ஜீப் என்னுடையது. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு பழைய ஏரிப்பள்ளம் இருக்கிறது. அங்கே வண்டல் அடுக்கடுக்காக இறுகி, பாதி மண்ணும் பாதி கல்லுமாகக் கிடக்கிறது. அந்த அடுக்குகளைப் பார்த்தால் ஆயிரம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே மழை எப்படி, வெயில் எப்படி என்று சொல்லிவிடலாமாம். முப்பதடிக்குக் குழி வெட்ட வேண்டும், மூன்றடிக்கு ஒரு பை மண் எடுத்து நம்பர் போட வேண்டும், மொத்தம் பத்துப் பை. இதுதான் வேலை.

குழி வெட்ட வந்த கண்ணாயிரம் கேட்டார். "ஏன் சார், பூட்டன் காலத்து மழையத் தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"இனிமே வரப் போறத கொஞ்சம் தெரிஞ்சிக்கலாம்ல?"

"அதுக்குத்தான் பஞ்சாங்கம் கீது. குழி வேற வெட்டணுமா?"

சக்கரவர்த்தி நன்றாகச் சிரித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் மண்வெட்டி போட்ட மறுநாளே காமாலை வந்து அறையில் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு குழிப்பக்கமே வரவில்லை. கண்ணாயிரமே வெட்டினார், கண்ணாயிரமே பையில் கட்டித் தார் தொட்டு நம்பர் போட்டார். கிணறு வெட்டுகிறவன் கணக்கு மேலேயிருந்து கீழே போகும். முதலில் வெட்டுவது ஒன்று, கடைசி வெட்டு பத்து. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முப்பதடியிலும் தண்ணீர் கசியவில்லை. தண்ணீர் காட்டாத குழியை அமாவாசைக்குள் மூடிவிட வேண்டும், இது எங்கள் பக்கத்து வழக்கம். வாயைத் திறந்து வைத்த குழி ஆள் கேட்கும் என்பார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து உள்ளே போட்டு, அன்றைக்கே மூடினார் கண்ணாயிரம். பைகளை நான் அறையில் கொண்டுபோய் இறக்கினேன். சக்கரவர்த்தி மஞ்சள் கண்ணோடு எழுந்து உட்கார்ந்தார்.

"வரிசையாதானே நம்பர் போட்டிருக்காரு?"

"வரிசையாதான் சார்" என்றேன்.

பொய் இல்லை. வரிசையாகத்தான் போட்டிருந்தது.

எழுபத்தேழில் திரும்பி வந்தார். கையில் இங்கிலீஷில் அச்சடித்த புத்தகம். கண்ணாயிரத்துக்கு ஒன்று கொடுத்தார். என்ன தெரிந்தது என்று கேட்டதற்கு இரண்டே வார்த்தை சொன்னார். "அடி மண்ணெல்லாம் வறட்சிக் காலம். மேல வர வர மழைக் காலம். உங்க பள்ளம் நல்லா ஆகிட்டு வர்ற பள்ளம்."

எந்த நிறம், எந்தக் கல் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அன்று ஜீப்பில் திரும்பும்போது கண்ணாயிரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊர் வந்த பிறகுதான் சொன்னார்.

"அந்தக் குழியில மேல இன்னாடா இருந்துச்சி? வெள்ளக்கல்லு. அடியில கருப்புக் களி. அப்போ வெள்ளக்கல்லுதான் மழ மண்ணாம் முருகையா. முப்பது வருஷமா அத்தப் பாத்து ஓடனவன் நானு. படிச்சவரு சொல்றாரு. நாந்தான் முட்டாளா இருந்துகிறேன்."

நாக்கையும் கையையும் நம்பாமல் புத்தகத்தை நம்பினார். அதற்குப் பிறகு ஏழு கிணற்றுக்கு இடம் காட்டினார். ஏழும் வெள்ளைக்கல் மேல். ஏழாவது சொந்த மகள் கஸ்தூரியின் நிலம். மருமகன் ராஜேந்திரன் மாடுகளை விற்றுவிட்டு அதில் இறங்கினான். நாற்பதடி, ஐம்பதடி, அறுபதடி. எண்பத்திரண்டில் மழையே இல்லை. ஏழு கிணற்றிலும் தூசிதான் பறந்தது. ஆனாலும் ஒருவனும் விடவில்லை. கண்ணாயிரம் காட்டிய இடம், இன்னும் பத்தடி போனால் வந்துவிடும் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

எண்பத்துமூன்று ஆவணியில் சக்கரவர்த்தி மறுபடியும் வந்தார், பழைய குழிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வெட்ட. இந்தத் தடவை கூடவே நின்றார். கண்ணாயிரம் இரண்டு முழம் வெட்டியதும் வெள்ளை தெரிந்தது. சக்கரவர்த்தி ஒரு முடிச்சை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். முகம் மாறியது.

"இது இங்க வரக் கூடாதே. வறண்ட காலத்துல மண்ணுல இருக்கிற சுண்ணாம்பு இறுகி வர்ற கல்லு இது. அடியிலல்ல இருக்கணும்?"

"அன்னைக்கும் மேலதான சார் இருந்துச்சி? ஒண்ணாம் நம்பர் பையி."

"ஒண்ணுன்னா அடி மண்ணுதானே?"

"அடி பத்து சார். மேல இருந்துதான வெட்டணும்? அடியிலருந்து எவன் வெட்டுவான்?"

சக்கரவர்த்தி அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் படிப்பில் அடி அடுக்குதான் ஒன்று. முதலில் படிந்தது எதுவோ அதுதான் முதல். அது உலகத்துக்கே தெரியும் என்று நினைத்து எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறார். கருப்புக் களிதான் ஏரி நிறைந்து நின்ற காலம். வெள்ளை, எல்லாம் காய்ந்த காலம். மேலே வர வரக் காய்ச்சல்தான், வறட்சிதான்.

"அப்போ காய்ச்சல் முடிஞ்சி போவல சார்" என்றார் கண்ணாயிரம். "நம்ம கால் வரைக்கும் வந்துகீது."

"இது பல ஆயிரம் வருஷக் கணக்கு கண்ணாயிரம். அடுத்த போகத்துக்கு இதுல பதில் கிடையாது. நான் உடனே திருத்தம் போட்டுடறேன்."

"புஸ்தகத்துல போட்டுடுவீங்க. கெணத்துல?"

சக்கரவர்த்தி அன்று சாயங்காலமே பஸ் ஏறினார்.

கண்ணாயிரம் நேராக மகள் வீட்டுக்குப் போனார். வெள்ளைக்கல் மண் காய்ந்திருக்கும்வரை பாறை மாதிரி நிற்கும். நனைந்தால் கூழ். ஐந்து வருஷத்து மழையெல்லாம் சேர்த்து ஒரு நாள் வரும், அன்றைக்குச் சுவர் சரியும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ராஜேந்திரன் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

"மாமா, எடம் காட்டனது நீங்க. அப்போ வெள்ளக்கல்லு மழன்னீங்க. இப்போ எமன்றீங்க. நாளைக்கு இன்னா சொல்லுவீங்க?"

கஸ்தூரி அப்பாவைப் பார்க்காமல் கூழ்ச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்தது. ஊரே அண்ணாந்து கும்பிட்டது. கண்ணாயிரம் மட்டும் அதைப் பார்க்க மாட்டார், தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். கார்த்திகை தீபத்தன்று பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் வெயில் அடித்ததும் சேறு வார இறங்கினான் ராஜேந்திரன். கூழ் குடிக்க மேலே ஏறி வந்து துண்டை உதறினான். பின்னால் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கிணறு பாதிக்கு மேல் தூர்ந்து கிடந்தது. கடப்பாரை, கூடை, கயிறு எல்லாம் இன்னும் உள்ளேதான்.

அந்த மழையில் நனைந்துகொண்டு, மற்ற ஆறு கிணறும் இருந்த ஆறு ஊருக்கும் நடந்திருக்கிறார் கண்ணாயிரம். சார், புத்தகம், அடியில் ஒன்று மேலே பத்து என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார். உட்கார வைத்து வாதாடி அனுப்பினார்கள். திரும்பி வந்தவருக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது. கல் தூசி தின்ற நெஞ்சு, தாங்கவில்லை. நான் போனபோது பாயில் கிடந்தார். வலது காதுப் பக்கம் உட்கார்ந்தேன்.

"ஆறு கெணத்துலயும் தண்ணி நிக்குது முருகையா. எறைச்சிட்டு எறங்குவானுங்க. அமாவாசைக்கு நாலு நாளுதான் கீது. நீ போ. மூடச் சொல்லு."

"நீ சொல்லியே கேக்கல. நான் சொன்னா கேப்பானுங்களாண்ணா? கஸ்தூரி கெணத்து சுவரு சொத்த, எங்க சுவரு கெட்டின்றானுங்க."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"நான் சொன்ன மாதிரி சொல்லாத. சாரு, பையி, நம்பருன்னு இழுத்தா, அத்தப் பேசிக்கினே உள்ள எறங்குவானுங்க. கண்ணாயிரம் தப்பு பண்ணிட்டான், அவனே ஒத்துக்கினு சொல்லி அனுப்பிச்சான், இத்த மட்டும் சொல்லு. வேற ஒரு வார்த்த பேசாத. ஒடனே ஏறிடுவானுங்க. போறப்போ எலுமிச்சம்பழம் வாங்கிக்கினு போ. ஆறு வாங்கு."