கண்ணாடி நார் ஒட்டிய சட்டை

பட்டறையில் அவரைக் கண்ணாடி அண்ணன் என்பார்கள். மூக்கில் கண்ணாடி போட்டதே இல்லை. கண்ணாடி நாரோடு, அதாவது ஃபைபர் கிளாஸோடு, மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. வெடிமருந்தே இல்லாமல் மின்சாரத்தால் குண்டை எறிகிற கருவி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். ஓர் அறை நிறையக் கெப்பாசிட்டர்களில் சேர்த்துவைத்த மின்சாரத்தை இரண்டு செப்புத் தண்டவாளங்களில் ஒரே மூச்சில் திறந்துவிடுவார்கள். குண்டு பறக்கும், தண்டவாளங்களும் ஒன்றையொன்று உதைத்து விலகப் பார்க்கும். நடுவே மின்சாரம் தாவாமலும், தண்டவாளம் பிய்த்துக்கொண்டு போகாமலும் பிடித்துவைக்கிற கட்டைகள் இவர் கைவேலை. நார்த்துணியில் பிசின் தடவி, அடுக்கி, அழுத்தி, சூட்டில் இறுகவைத்து, பிறகு அளவுக்கு ராவ வேண்டும். ஒவ்வொரு முறை குண்டு எறியும்போதும் அவை கருகும், மறுபடி ராவு. அந்தக் குண்டால் யாருக்கு என்ன புண்ணியமோ, ராவின தூள் மட்டும் இவர் மேல்தான் விழுந்தது.

முகமூடி, கையுறை எல்லாம் உண்டு. இருந்தும் தூள் சட்டை மடிப்பில் ஒளிந்து வீடுவரை வந்துவிடும்.

மகள் தவழ்கிற வயதில் ஒருநாள், வேலைச் சட்டையோடே ஆசையாகத் தூக்கிவிட்டார். குழந்தையின் கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்துவிட்டன. வீறிட்டு அழுதது.

"உங்களுக்கு அறிவிருக்கா? பச்சப்புள்ளைங்க அது!" என்று மனைவி பொரிந்து தள்ளினாள்.

அன்றிலிருந்து அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். ஓடிவருகிற மகளை வாசலிலேயே, "கிட்ட வராதம்மா, அப்பா மேலெல்லாம் முள்ளு" என்று நிறுத்துவார். குளித்துவிட்டு வந்தாலும் மனசு கேட்காது. நகக்கண்ணில் ஒன்று மிச்சமிருந்தால்? அவள் முதலில் அழுதாள், அப்புறம் சிணுங்கினாள், பிறகு பழகிக்கொண்டாள். அதுதான் கொடுமை.

மகள் அம்மா உயரத்துக்கு வளர்ந்த பிறகு, ராவுவதற்குப் பெட்டிபோல் மூடிய இயந்திரம் வந்தது.

"இனிமே நீங்க தூள்ல நிக்க வேணாம்ண்ணே. சுத்தமான ரூம்ல உக்காந்து அளவு மட்டும் பாருங்க" என்றார் மேலாளர்.

அன்று சட்டையில் ஒரு துளி தூள் இல்லை. வழியெல்லாம் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. போனதும் மகளை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

கதவைத் திறந்தவள் மகள்தான். இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் வழக்கம்போல் பின்னால் நகர்ந்து வழிவிட்டாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள்.

"இருங்கப்பா" என்று உள்ளே ஓடி, துண்டை எடுத்துவந்து, விரல் படாமல் அந்தக் கைகளில் போட்டாள். "வெந்நீர் ரெடியா இருக்குப்பா. ரொம்பக் களைச்சுப்போய் இருக்கீங்க."

முகத்தில் அத்தனை அக்கறை. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அப்பாவைத் தொடத்தான் அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்குச் சட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பெற்ற மகளிடம் ஓர் அணைப்பைக் கேட்டா வாங்குவது? சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா" என்றார். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதார்.