பதினொரு பழைய கணினிகளும் ஓர் அறையும்

என்னிடம் பதினொரு பழைய கணினிகள் இருக்கின்றன. ஏழு வேலை செய்யும், இரண்டு மனம் வைத்தால் வேலை செய்யும், இரண்டு செத்துவிட்டன. செத்தவற்றையும் எறியமாட்டேன். அவற்றோடு தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் பெட்டிகள் ஆறும், மூன்று பிஸ்கற் தகரங்கள் நிறைய விளையாட்டுக் கசெற்றுகளும் உண்டு. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். நல்ல பிள்ளை, கந்தோரில் வேலை, ஆனால் என்று தொடங்குவார்கள். அந்த ஆனாலுக்குப் பிறகு வருவதுதான் இந்தக் கணினிகள்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கலியாணம் கட்டவில்லை. புங்குடுதீவில், இறுப்பிட்டியில், அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் பஸ் ஏறி, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் வேலணைக்குப் போய், ஒரு கந்தோரில் கோப்புகளோடு மாரடித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருகிறேன். ஐம்பது தாண்டிய தனிப் பெண் கோயிலுக்குப் போனால் ஊருக்கு விளங்கும். ஆடு வளர்த்தாலும் விளங்கும். ஈயம் உருக்கும் கோலைக் கையில் பிடித்தபடி மேசையில் குனிந்திருந்தால் மட்டும் விளங்காது.

எல்லாம் ஓர் அலுமாரியில் தொடங்கியது. எங்கள் தீவில் வெளிநாடு போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கும். திறப்புகள் இங்கே மிஞ்சியிருப்பவர்களிடம் இருக்கும். என்னிடமும் நாலு வீட்டுத் திறப்புகள் இருந்தன. பத்து வருடங்களுக்கு முன் அதில் ஒரு வீட்டுக்காரர் இலண்டனிலிருந்து கூப்பிட்டு, அலுமாரியில் கறையான் ஏறிவிட்டதாம், உள்ளே இருப்பதையெல்லாம் எறிந்துவிடும் என்றார். பழஞ்சேலைகளுக்கு அடியில் தடித்த விசைப்பலகை ஒன்று கிடந்தது. தூசியைத் தட்டிப் பார்த்தால் அது வெறும் விசைப்பலகை அல்ல, முழுக் கணினியுமே அதற்குள்தான் இருந்தது. எண்பதுகளில் ஆசையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். மின்சாரமும் போய், ஆட்களும் போன பிறகு அது அங்கேயே கிடந்திருக்கிறது. எறிந்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பொய்தான். அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை.

அதற்கு உயிர் கொடுக்க ஒன்றரை வருடம் எடுத்தது. கைத்தொலைபேசியில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, வீங்கிப்போன மின்தேக்கிகளைக் கழற்றினேன். புதியவற்றை யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வாங்கினேன். மகனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு என்றேன். அவர் மிச்சக் காசைத் தரவே மறந்துபோனார். விளையாட்டு கசெற்றில் இருக்கும். ரேப் ரெக்கோடரில் ஓடவிட்டால் பாட்டு வராது, ஒரே கீச்சிடல்தான் வரும். அந்தக் கீச்சிடலைக் கணினி ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டு விளையாட்டாக மாற்றும். கடைசி நொடியில் பிழையானால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டி, கிரைண்டர் எரிகிறதா என்று விசாரித்தார். அன்றைக்குத்தான் திரையில் ஒரு குட்டி விண்கலம் எழும்பியது. விளையாட்டில் எனக்குத் தந்திருந்த மூன்று உயிர்களும் ஒரு நிமிடத்தில் போய்விட்டன. பதவி உயர்வுக் கடிதம் வந்த நாளில்கூட நான் அப்படிச் சந்தோசப்படவில்லை.

அதன் பிறகு தேடித் தேடிச் சேர்த்தேன். பழைய இரும்புக்காரரிடமிருந்து சில வந்தன. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சொக்லேற் கொண்டுவரவா என்று கேட்டால், அது வேண்டாம், உங்கள் நிலவறையில் பழைய கணினி கிடந்தால் கொண்டுவாருங்கள் என்பேன். இந்த இயந்திரங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் நேர்மை. சுவிற்சைப் போட்ட மறுகணமே ஒரு சின்னச் சதுரம் கண் சிமிட்டிக்கொண்டு, சொல்லு, என்ன செய்யவேண்டும் என்று காத்திருக்கும். கடவுச்சொல் கேட்காது, விளம்பரம் காட்டாது, என் வயதையும் கேட்காது. தோற்றால் தோற்றாய் என்று முகத்துக்கு நேரே சொல்லும்.

என்ன பிரயோசனம் என்று கேட்காத ஆள் கிடையாது. ஒரு பிரயோசனமும் இல்லை. நாற்பது சேலைகளை அலுமாரியில் தொங்கவிட்டு, வருடத்தில் இரண்டு உடுத்தால் அது இலட்சணமாம். பதினொரு கணினிகளை வைத்து, ஓடுகிற அத்தனையிலும் விளையாடினால் விசராம். பிள்ளை குட்டி இல்லாத குறையை இப்படித் தீர்க்கிறாள் என்றும் ஒரு கதை உலாவுகிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியாது. எனக்குப் பிள்ளைகள் இருந்திருந்தாலும் இவை இருந்திருக்கும். யார் முதலில் விளையாடுவது என்று அவர்களோடு சண்டை பிடித்திருப்பேன், அவ்வளவுதான்.

போன ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு அண்ணன் கனடாவிலிருந்து வந்தார். எனக்கிருக்கும் ஒரே கூடப்பிறப்பு அவர்தான். பத்தொன்பது வயதில் போனவர். கஷ்டமான காலங்களில் எங்களுக்குச் சோறு போட்டவர். அதை நான் மறுக்கவில்லை. வந்து இரண்டாம் நாள், இனிக் குடும்பத்தோடு அடிக்கடி வரப்போவதாகவும், கிழக்கு அறையின் சுவரை உடைத்துக் குளியலறை ஒன்றைச் சேர்த்துக் கட்டப்போவதாகவும் சொன்னார். கிழக்கு அறையில்தான் என் கணினிகள் இருக்கின்றன. அவற்றை ஏற்றிப்போகப் பழைய இரும்புக்காரருக்கும் சொல்லிவிட்டாராம். என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தார்.

தீவில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கினால் உப்பும் கூடவே வரும். யன்னல் கம்பியைத் தின்னும், பூட்டைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும். அந்தக் காற்று நேரே நுழையாத அறை எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து ஒவ்வொரு கணினிக்குள்ளும் வைத்து, பருத்தித் துணியால் சுற்றி, பத்து வருடமாகக் காப்பாற்றியிருக்கிறேன். அங்கிருந்து வெளியே போட்டால் ஒரு சோளகத்துக்குத் தாங்காது. அந்த அறை தரமுடியாது என்றேன். அண்ணன் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். பழைய இரும்புக்காரர் வந்தபோது தேத்தண்ணீர் கொடுத்து, ஓடாத தண்ணீர்ப் பம்பு ஒன்றையும் கொடுத்து, நானே அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் கந்தோரால் வந்தபோது, அந்த அலுமாரியில் கிடைத்த முதல் கணினி கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின்மேல் கிடந்தது. மூடி ஒரு பக்கம், உள்ளே இருக்கும் தகடு ஒரு பக்கம். அண்ணன் பெருமையாக நின்றார். சண்டை வேண்டாம், குப்பையென்றாலும் துப்புரவாக இருக்கட்டும் என்று சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டாராம். கனடாவில் இப்படிக் கழுவலாம் என்று யாரோ சொன்னார்களாம். அவர் மனதில் வஞ்சகம் இல்லை. ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டேன். கிணற்றுத் தண்ணீர்தான் என்றார்.

எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். இது தீவில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும். அந்தத் தகட்டில் இருந்த சில்லுகளின் உலோகப் பாதங்கள் எல்லாவற்றிலும் அப்போதே வெண்மை பூத்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அண்ணை, எங்கடை கிணத்துத் தண்ணி உப்பெண்டதே உங்களுக்கு மறந்துபோச்சு. பிறகு இந்த வீட்டிலை எது தேவை, எது குப்பையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிடித்து வைத்திருந்த மாரி மழைத் தண்ணீரை எடுத்தேன். போத்தல் போத்தலாக வைத்திருப்பேன், இதற்கென்றே. பல் தூரிகையால் ஒவ்வொரு பாதமாகத் தேய்த்து மூன்று முறை கழுவி, பாமசியில் வாங்கிய ஸ்பிரிற்றால் துடைத்து, நிழலில் நாலு நாள் காயவிட்டேன். அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து பார்த்துப் போனார். ஐந்தாம் நாள் சுவிற்சைப் போட்டேன். சதுரம் கண் சிமிட்டியது. விசைப்பலகையில் ஐந்து எழுத்துகள் மட்டும் வேலை செய்யவில்லை. அண்ணன் பெருமூச்சு விட்டார். அதோடு அவர் மனம் மாறிவிட்டது என்று நான் நினைத்தேன். மடைச்சி நான்.

திங்கட்கிழமை மேசன் வந்தார். அண்ணன்தான் சொல்லி வைத்திருக்கிறார். மழைத் தண்ணீரில் கழுவியது, உயிர் வந்தது எல்லாம் சரி, ஆனால் அறை தேவை என்பது அவர் கணக்கு. நான் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு, ரெக்கோடரில் கசெற்றை ஓடவிட்டேன். மேசன் நூலையும் சுத்தியலையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கீச்சிடல் ஐந்து நிமிடம் ஓடி முடிந்தது. பிறகு அண்ணன், வீடு இருவருக்கும் பொது, தான் கேட்பது ஓர் அறை மட்டும்தான் என்றார்.

அவர் சொன்னது காகிதத்தில் சரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தன்று சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், ஆண்பிள்ளை வாய் திறக்கமாட்டான். நான் பிறந்த நாள் தொட்டு இது என்னுடைய வீடு என்றுதான் அம்மா சொல்லி வந்தார். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை, அதனால் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதப்படவில்லை, அம்மாவும் போய்விட்டார். அம்மாவைக் கடைசி வருடங்களில் குளிப்பாட்டியவள் நான். கூரை ஓடுகளை மாற்றியவள் நான். எழுத ஒரு மாப்பிள்ளை இல்லாதபடியால் வீடு பொதுவாகிவிட்டது. நான் திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"நான் கலியாணம் கட்டியிருந்தால் இந்த வீட்டை முழுசா எனக்கு எழுதியிருப்பியள். இந்த அறைக்குள்ளை வாறதுக்கும் என்ரை மனுசனிட்டைக் கேட்டிருப்பியள். கட்டேல்லை எண்டதாலை எனக்கு ஒரு அறையும் இல்லையோ, அண்ணை?"

அண்ணனின் முகம் சிவந்துபோயிற்று. மேசனுக்கு முன்னால் இதைக் கேட்டிருக்கவேண்டாம் என்று பிறகு ஒரு சொந்தக்காரி எனக்குப் புத்தி சொன்னார். மேசனுக்கு முன்னால்தான் கேட்கவேண்டியிருந்தது. சுவரை உடைக்கப்போவது அவர்தானே. மேசன் அண்ணனைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"அக்கா, எந்தச் சுவர் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

மேற்குப் பக்கத்து அறை, அண்ணன் படுக்கும் அறை என்றேன். அவர் நூலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அண்ணன் கொஞ்சம் பிந்தி அவர் பின்னால் போனார். அன்றைக்கு நான் என் வாழ்நாளிலேயே கூடிய புள்ளிகள் எடுத்தேன்.

குளியலறை கட்டியாகிவிட்டது, நல்ல குளியலறை. அண்ணன் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிறுகளில் பேசுவோம். வீட்டை என் பெயருக்கு எழுதுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன், யோசிக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். நான் பொறுமையாகக் காத்திருக்கிற ஆள் இல்லை. வருகிற மாதம் இன்னும் இரண்டு கணினிகள் வர இருக்கின்றன. கிழக்கு அறையில் இடமில்லை. ஆகவே அண்ணன் படுக்கும் அறையின் மேற்கு யன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டேன். இனி அங்கேயும் உப்புக் காற்று வராது. வருகிற ஆவணியில் வருவாராம். வரட்டும். உறுதியில் என் பெயரோடு வந்தால் ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கிறேன், என்னுடைய வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு.