முதல் வரியில் எந்தச் சாமி?

கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோக்கிறவன் மாப்பிள்ளை பேரை மறந்தாலும் தப்பிக்கலாம். உச்சியில் போடவேண்டிய சாமியை மறந்தால் தொலைந்தான். ஈய எழுத்தோடு மாரடித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். யுத்தகாலம், மயிலாப்பூரில் சின்ன அச்சாபீஸ். காகிதம் குதிரைக்கொம்பு. "ஒரு கட்டு வீணாச்சுன்னா அன்னைக்கே நீ வீட்டுக்குப் போகலாம்" என்று முதலாளி சொல்லிவைத்திருந்தார்.

சாமிகளுக்கு இடம்

மாட வீதி மாமா ஒருவர் உச்சியில் போட நாலு தெய்வங்களின் பெயரோடு வந்தார். இரண்டு அவர் பக்கம், இரண்டு மாமி பக்கம். கோத்துப் பார்த்தால் பாதிக் கார்டு காலி! கல்யாணப் பெண்ணின் பெயருக்குப் பொடி எழுத்துத்தான் மிச்சம். தயங்கித் தயங்கிக் காட்டினேன். மாமா அசரவே இல்லை.

"பொண்ணு பேர் சின்னதா இருந்தா அவ கோச்சுக்க மாட்டா. குலதெய்வம் கோச்சுக்கும், ஓய்!"

வெறும் எண்

தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர், உச்சியில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்ற எண் மட்டும் போதும் என்றார். எனக்கோ எதையும் கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும். "ஆண்டவன் பேரையே போட்டுடலாமே, பாய்?" என்றேன். அவர் தரையில் சிதறிக் கிடந்த கழிவுக் காகிதத்தைக் காட்டினார்.

"கல்யாணம் முடிஞ்சா கார்டு இப்படித்தானே கால்ல மிதிபடும்? அவன் பேரு அங்க கெடக்கலாமா, நைனா?"

சாந்தோம் வாத்தியார்

எந்த வேலையானாலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழியை வைத்துவிட்டுத்தான் என் கை அடுத்த எழுத்துக்குப் போகும். அச்சுக்கு ஏற்றும்முன் அதை எடுத்துவிடுவேன். சாந்தோம் வாத்தியார் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சில் ஓட்டும்போது, குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் களேபரத்தில் மறந்தே போனேன்.

வாத்தியார் வந்தார், கட்டைப் பிரித்தார். 'இயேசு மரி சூசை'க்கு மேலே ஜம்மென்று பிள்ளையார் சுழி! அத்தனை கார்டிலும்! மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை. பக்கத்திலேயே முதலாளி. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோபம் வரும் என்று நின்றேன்; அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க அப்பா மாதா கோயிலுக்குத் தவறாமப் போறவரு. ஆனா மளிகைச் சீட்டைக்கூட இந்தச் சுழியைப் போட்டுத்தான் எழுதுவாரு. இருக்கட்டும்யா. பங்குச் சாமியாருக்குக் குடுக்கிற கார்டுல மட்டும் பிளேடால சுரண்டிடு!"

இத்தனை சாமிகளுக்கு நடுவில் பிழைப்பு நடத்தியும், என் சீட்டைக் கிழிக்கப் பார்த்தது காகிதப் பஞ்சம் ஒன்றுதான்.