யுகுலேலேவுக்குச் சுதி சேர்த்த வாரம்

நாலு தந்திக் குட்டிக் கிட்டாரான யுகுலேலேயை விற்பது பெரிய வேலை இல்லை. விற்ற மறுநாள் அது சுதி இறங்கித் திரும்பி வரும்போதுதான் வேலை தொடங்குகிறது. வாத்தியக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டர்சன்பேட்டையில் என் கடைக்கும் அப்படி ஒரு வாரம் வாய்த்தது.

போன்

கௌதமி புதன்கிழமை வந்து ஒரு யுகுலேலே வாங்கினாள். பெங்களூரில் ஒரு நர்சரி பள்ளியில் அடுத்த திங்கட்கிழமை சோதனை வகுப்பு. யுகுலேலே வாசித்துக் குழந்தைகளுக்கு ஒரு பாட்டு சொல்லித்தர வேண்டும். அது சரியாக அமைந்தால் இப்போதைய கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிடலாம்.

புது நைலான் தந்தி சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும், அடிக்கடி சுதி பார்க்க வேண்டும் என்றேன். யுகுலேலேயின் தலையில் கவ்விப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றை எடுத்து வைத்தேன். அவள் போனைக் காட்டினாள். அதில் ட்யூனர் ஆப் இருந்தது.

"எல்லாத்தையும் போனே பண்ணுது. இது ஒண்ணு பண்ணாதா, அண்ணா?"

ரயில்

அவளுக்குப் பழக நேரம் கிடைப்பது வேலைக்குப் போகும் காலை ரயிலில் மட்டும். போன் காதால் கேட்கும். பெட்டியின் இரைச்சல் எல்லாம் அதற்குச் சுதிதான். கவ்வும் ட்யூனர் மரத்தின் அதிர்வைப் பார்க்கும். புதன்கிழமை சொன்ன இதையே வெள்ளிக்கிழமையும் சொன்னேன். இந்த முறை வாங்கிக்கொண்டாள்.

"நான் இன்னும் மீட்டவே இல்ல. எதிர் சீட்டுப் பெரியவர் இருமினாரு. போன்ல சுதி சரின்னு பச்சை எரியுது அண்ணா!"

கயிறு

ஞாயிற்றுக்கிழமை அவளோடு அவள் அப்பாவும் வந்தார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் கூண்டின் கயிற்றைச் சோதித்தவர். மகள் குளிக்கப் போன நேரத்தில் தந்திகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். தொய்வாகத் தெரிந்ததால் நாலையும் முறுக்கியிருக்கிறார். ஒன்று அறுந்துவிட்டது.

நான் புதுத் தந்தி போட்டேன். நாளைக்குள் இது சுதி இறங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. கௌதமி அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா, தொளதொளன்னு இருக்கிற கயித்துல நீ கீழ எறங்குவியா? சொல்லு."

வகுப்பு

திங்கள் மாலை ரயிலை விட்டிறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். நான் பயந்தபடியே பாட்டின் முதல் வரியில் அந்தத் தந்தி இறங்கியிருக்கிறது. நிறுத்திவிட்டு ட்யூனரை மாட்டினாளாம். வெளிச்சத்தைப் பார்க்கக் குழந்தைகள் சுற்றிக்கொண்டன. ஆளுக்கு ஒரு முறை மீட்டவிட்டாள். வகுப்பு முடிந்துவிட்டது, பாட்டு நடக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையும் அழவில்லை. அவளுக்கு முன் சோதனைக்கு வந்த இரண்டு பேரின் வகுப்பிலும் குழந்தைகள் அழுதார்களாம். தலைமையாசிரியைக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"வேலை கெடச்சிடுச்சி அண்ணா! அங்க அலமாரில ஏழு யுகுலேலே சுதியில்லாம கெடக்குது. உங்க பேரைச் சொல்லிட்டு வந்துட்டேன்."

இந்தத் தொழிலில் தோற்ற வாடிக்கையாளர் ஒரு வாத்தியத்தோடு திரும்பி வருவார், ஜெயித்தவர் ஏழோடு வருவார்.