கோபாலுக்கு ஒரு நன்னடத்தைக் கடிதம்

பிறர் பெற்ற பையன்களைத் திருத்தும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: சம்பளம் கிடையாது, ஆகவே யாரும் நம்மை வேலையை விட்டு நீக்க முடியாது. மலாயா சுதந்திரம் வாங்கிய புதிதில், நான் பகலில் மலாக்கா ஊரின் பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் குமாஸ்தா. மாலையில் அதே ஊர் காஜா பெராங்கில் எங்கள் தமிழர் சங்கத்து அறையில் பதினொரு பையன்களுக்குக் கணக்கும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். உருப்படாதவர்கள் என்று பள்ளிக்கூடங்களே முத்திரை குத்தி, மாலையில் எங்களிடம் அனுப்பிய பையன்கள். இந்தச் சேவையில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக தியாகிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேரம் தவறாமை

முதல் நாள் பாடமே நேரம் தவறாமைதான். நான் அரை மணி தாமதமாகப் போனேன். பதினொரு பேரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஓர் ஒழுங்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பஸ் வரவில்லை என்றேன். முன்வரிசைக் கோபால், பதினாலு வயது, அனுதாபத்தோடு தலையாட்டினான்.

"எங்களுக்கும் பஸ் லேட்டாத்தான் வருது சார். நீங்க சொன்னா நம்புறோம், நாங்க சொன்னா பிரம்படி."

பேனாவை மூடியவர்

ஆறு மாதம் கழித்துக் கோபால் இரண்டு வாரம் பள்ளிக்கு மட்டம் போட்டான். பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டிகள் குடியிருப்பில் பந்து உதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். என் வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்ததால், என் போதனை பலிக்கிறது என்று நான் வேறு பூரித்துப்போயிருந்தேன். பள்ளியில் பெயரை வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவர் மாதக் கடைசிக்குள் நன்னடத்தைக் கடிதம் கொடுத்தால் வைத்துக்கொள்வார்களாம். குமாஸ்தா அந்தப் பட்டியலில் வரவில்லை. பெயர் போனால் தாய்மாமனோடு ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டப் போக வேண்டியதுதான் என்று அவன் அம்மா அழுதாள்.

சங்கத் தலைவரிடம் ஓடினேன். தோட்டத்தில் முப்பது வருஷம் பெரிய கிராணியாக, அதாவது ஆட்களை ஏவும் தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். வழிதவறிய பிள்ளைகளை அரவணைக்க வேண்டும் என்று திறப்பு விழாவில் ஒரு மணி நேரம் முழங்கியவர். விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"அரவணைக்கிறது வேற தம்பி, கையெழுத்துப் போடறது வேற."

தலைவரின் மலாய்

அதே வாரம் தலைவருக்கும் ஒரு கடிதம் வந்தது. குடியுரிமை விசாரணைக்கு வந்து, கேட்பதற்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு என்று சங்கமே நம்பியிருந்தது. அவர் கற்றதெல்லாம் மலாய்க்கார வேலையாட்களை அதட்டும் தூக்கு, ஓடு, வாயை மூடு என்ற ஏவல்கள்தான் என்பது ஒத்திகையில் தெரிந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்று நான் என் கடைத்தெரு மலாயில் அதிகாரி போலக் கேட்டேன். சும்மா நிற்காதே, போய் வேலையைப் பார் என்றார்.

செட்டிகள் வீட்டில் பேச்சே மலாய்தான். பெரியவர்களிடம் பணிந்து பேசாத பையனுக்கு அங்கே பலகாரம் கிடைக்காது. எனவே சிறுவயது முதலே அங்கே பந்து உதைத்து வளர்ந்த கோபாலின் மலாய் தேனாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவனைக் கூப்பிட்டேன். பத்து நாள் பாடம் நடந்தது. தயவுசெய்து என்பதற்கான 'தொலோங்', விரலை நீட்டி ஏவியே பழகிய தலைவர் வாயில் வரவே மூன்று நாள் ஆயிற்று. கோபால் கோபப்படவே இல்லை.

"விரலை நீட்டாதீங்க ஐயா. விரலை மடக்குனா அந்த வார்த்தை தானா வரும்."

ஒரு வரி

விசாரணையில் தலைவர் தேறினார். வந்த வேகத்தில் பேனாவைத் திறந்து, கோபால் ஒழுக்கசீலன், வருங்கால மலாயாவின் தூண் என்று எழுதிக்கொண்டே போனார். எட்டிப் பார்த்த கோபாலின் முகம் வாடிவிட்டது.

"தூணெல்லாம் வேணாம் ஐயா, நம்ப மாட்டாங்க. பத்து நாளும் ஒழுங்கா வந்தான்னு மட்டும் எழுதுங்க. அது நெஜம்."

தலைவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் எழுதினார். தானே பள்ளிக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். தமிழரான தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

"இத்தனை வருஷத்துல நான் நம்புற முதல் நன்னடத்தைக் கடிதம் இதுதான். நாளைக்கு அவனை வரச் சொல்லுங்க."

நான் நடத்திய ஒழுக்க வகுப்பில் என் கண்ணெதிரே திருந்தியவர் தலைவர் ஒருவர்தான், அவருக்கும் பாடம் எடுத்தது நான் இல்லை.