மேலுதட்டில் ஒரு சான்றிதழ்

போன புதன்கிழமை, காலை ஏழேகால் மணி, ஏற்காடு பஸ் ஸ்டாண்ட். (கிழமையும் நேரமும் குறிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) மளிகைக் கடை செல்லமுத்து சேலம் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிருக்குத் தலையைச் சுற்றி மஃப்ளர். முகத்தில் ஏதோ குறைகிறதே... என்ன?

மீசை!

பின் ஸீட்டிலிருந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பங்க ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலீங்களே. நொம்ப நல்ல மனுசன்..."

"ஐயோ, எங்கப்பா நல்லா இருக்காருங்க!"

"அப்பறம் மீசையை எதுக்குங்க எடுத்தீங்க?"

ஆங்கிலத்தில் 'விஸ்கர்' என்று ஒரு சொல் உண்டு. பூனையின் மீசை முடிக்கு அதுதான். ஆண்களின் கன்னத்து முடிக்கும் அதுதான் — இப்போது சினிமா பார்த்துவிட்டுப் பையன்கள் காதுக்குக் கீழே இறக்குகிறார்களே, அந்தக் கிருதா! மயிரிழையில் ஜெயித்தால் அதற்கும் அதே சொல். நாம் மட்டும் சளைத்தவர்களா? பூனைக்கும் மீசை, இறாலுக்கும் மீசை, கரப்பான்பூச்சிக்கும் மீசை!

ஆனால் எந்த அகராதியிலும் இல்லாத உபயோகம் ஒன்று நம்மிடம் உண்டு. அப்பா போனால்தான் மகன் மீசையை எடுப்பான். ஆக, மீசை என்பது அப்பா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மேலுதட்டில் ஒட்டிய சான்றிதழ்.

செல்லமுத்து ஏன் எடுத்தார்? அவர் அப்பாவுக்குச் சேலத்தில் கண் ஆபரேஷன். அன்றுதான் கட்டுப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா? "பிரிச்சாத்தான் தெரியும்" என்பதற்குமேல் டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

"மூணு வருசமா எம் மூஞ்சியே அவருக்குத் தெரியலீங்க. மொதமொதலாப் பாக்கறாரே, லட்சணமா இருக்கலாம்னு கத்திரியை எடுத்தனுங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறிப்போச்சு. அதைச் சரிபண்ண அந்தப் பக்கம்... அது ஏறிப்போச்சுன்னு மறுபடி இந்தப் பக்கம்..."

மறுபடி யார் துக்கம் கேட்பார்களோ என்று வழி நெடுக வாயைக் கையால் மூடிக்கொண்டே வந்தார். துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கட்டைப் பிரித்தார்கள். தடிமனான கண்ணாடியை மாட்டினார்கள். பெரியவர் இமைகளைக் கொட்டினார். செல்லமுத்து வாயை மூடியிருந்த கையை எடுத்தார்.

"அப்பா... தெரியுதுங்களா?"

பெரியவர் மகனையே உற்றுப் பார்த்தார். மேலுதட்டில் வந்து பார்வை நின்றது. அப்புறம் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க டாக்டரு... நான் பொழச்சுக்கிட்டனா, இல்லீங்களா?"