செல்வியின் நார்வே

அந்தக் கம்பளித் தொப்பியில் சோப்பு வாசனைக்கு அடியில் மெலிதாக மீன் வாடை அடித்தது. ஆவணி வெயிலே மண்டையைப் பிளக்கும் எங்கள் ஊரான கோச்சடையில், காதுவரை இழுத்துவிட்ட சிவப்புத் தொப்பியோடு செல்வி எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது, ஏனென்றால் அது அவளுடைய அப்பா நார்வேயிலிருந்து அனுப்பியது.

அட்லஸில் எந்த நாட்டைக் கேட்டாலும் சட்டென்று விரல் வைப்பேன் என்பதால் வகுப்பில் எனக்கு ‘மேப்புக்காரி’ என்று பெயர். செல்வியோ உசிலம்பட்டியிலிருந்து படிப்புக்காக வந்து, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அம்மாவோடு வாடகைக்கு இருந்தவள். அப்பா அங்கே ஏதோ கம்பெனியில் ‘சூப்பர்வைசர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாடையைப் பற்றி நான் தோண்டித் துருவியதும், “யாருட்டயும் சொல்லிராதடி. எங்கப்பா அங்க மீன் வெட்டுறாரு. தெரிஞ்ச இலங்கைக்காரரு ஒருத்தரு சேத்துவிட்டாரு” என்று சொல்லி, கையிலடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆண்டுப் பள்ளிக் கண்காட்சியில், வகுப்புக்கு ஒரு நாடு என்று பிரித்ததில் எங்களுக்கு வந்ததும் நார்வேதான். தெர்மாகோலில் வரைபடம் வெட்டியது நான். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் ‘ஃபியோர்டு’ என்ற இடுக்குகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியதில் பிளேடு விரலைக் கிழித்தது. தலைநகர் ஆஸ்லோ, அரசர் இருந்தாலும் ஆட்சி நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றமும் பிரதமரும், கடலுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும், அருவிகளிலிருந்து மின்சாரம், வடக்கே கலைமான் மேய்க்கும் ‘சாமி’ என்ற இனத்தார் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். பேசப்போவது நான்தான் என்று வீட்டிலும் சொல்லியாயிற்று. ஒத்திகையன்று டீச்சர், “செல்வி பேசட்டும். அவ அப்பா அங்கயே இருக்காருல்ல” என்றார்.

புத்தகத்தில் இல்லாத நார்வே அவள் வாயிலிருந்து வந்தது. கோடையில் வடக்கே வாரக்கணக்கில் சூரியன் மறையாது என்று நானும் படித்திருந்தேன். அவளோ, “எந்நேரமும் வெளிச்சமாவே இருக்கும். எங்கப்பா கண்ணுல துண்டக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவாரு” என்றாள். “ஆளுக அதிகம் பேசமாட்டாக. பஸ் ஸ்டாப்புல கூடத் தள்ளித் தள்ளி நிப்பாக. எண்ணெயில வர்றத அம்புட்டையும் செலவழிக்காம, இனிமே பொறக்கப்போற பிள்ளைகளுக்குன்னு சேத்து வைக்கிறாக.” டீச்சர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசும்போது அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

“டீச்சர், அவ பொய் சொல்றா. அவுங்கப்பா சூப்பர்வைசர் இல்ல, மீன் வெட்டுறவரு.”

பின்வரிசையில் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செல்வி அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, நான் செய்த வரைபடத்தின் வடகோடியில் விரல் வைத்தாள்.

“ஆமா, இந்த ஊர்லதான் வெட்டுறாரு. எத்தனை உறை போட்டாலும் விரலு மரத்துப் போயிருமாம். எண்ணெய் கெடைக்கிறதுக்கு முன்னாடி, இந்த மீனயும் கருவாட்டயும் கப்பல்ல அனுப்பித்தான் இந்தக் கரைச் சனமெல்லாம் பொழச்சிச்சு. அதத்தான் எங்கப்பா வெட்டுறாரு.”

டீச்சர் கைதட்டினார், வகுப்பே தட்டியது. அதற்குப் பிறகு செல்வி என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போனேன். கொடியில் அந்தத் தொப்பி காய்வதைக் கண்டதும் பழைய எரிச்சல் பொங்கிவர, அப்படியே திரும்பிவிட்டேன். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்கள் உசிலம்பட்டிக்கே போய்விட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து வேலை என்னை நார்வேக்கே அனுப்பியது. ஒரு கோடை விடுமுறையில் அவள் விரல் வைத்த அந்த ஊரைத் தேடிப் போனேன். பந்தயத்தில் ஜெயித்தவள்போலத்தான் போய் இறங்கினேன். கடலும் மலையும் கண்கொள்ளவில்லை. ஆனால் வெளிச்சம் தாங்காமல் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தபோது, இது என்னுடைய நாடாக ஒருபோதும் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

போன மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் செல்வியைப் பார்த்தேன். உசிலம்பட்டியில் ஆசிரியையாக இருக்கிறாளாம். அப்பா இறந்து நான்கு வருஷமாகிறது. அவள் நார்வேக்குப் போனதே இல்லை. நாங்கள் படித்த பள்ளிக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

“அன்னைக்கு நான் செஞ்சது...” என்று தொடங்கினேன்.

“அத விடு. நீ அங்க இருந்தியாமே? எங்கப்பா வேல பாத்த ஆலையப் பாத்தியா?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். “தேடிப் போனேன். ஆலை இப்ப இல்ல செல்வி. அந்த எடத்துல ஓட்டல் கட்டிட்டாங்க.”

அவள் கையிலிருந்த வெற்றிலையை மெதுவாக மடித்தாள்.

“உள்ள உக்காந்தா கடலு தெரியுமா?”

“தெரியும். கடலப் பாத்த பக்கம் பூராவும் கண்ணாடி.”

“அப்பா இருந்தப்ப அங்க ஒரு சன்னல்கூடக் கெடையாதாம்” என்றாள்.